எல்லா வண்டியும் கனமாக இருந்த காலம்

முன்சக்கர வேலை பார்க்கும் பட்டறைக்கு வருகிற எவரும், தம் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று சொல்வாரே தவிர, தாம் ஒரு பக்கம் இழுப்பதாக ஒருநாளும் சொல்லமாட்டார். உழவர்கரையில் என் தம்பி சேகர் நடத்திய பட்டறையின் முகப்பில் உட்கார்ந்து நான் கற்ற முதல் பாடம் இது. மதியம் தருவதாகச் சொன்ன வண்டிக்காக மாலைவரை பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தவர்களுக்கும், அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டவர்களுக்கும் இதில் புதிதாக ஒன்றும் இராது. இரு தரப்பாரும் என் உறவினரே.

தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான் பட்டறைக்கு வந்த காரணம் எளியது. சேகரின் வேலையைப் பற்றி ஊரில் யாருக்கும் குறையில்லை; அவன் பேச்சைப் பற்றி எல்லாருக்கும் குறை இருந்தது. இத்தனை வருசம் பிள்ளைகளை உட்கார வைத்தவள் இவர்களையும் கொஞ்சம் உட்கார வை என்று சொல்லி என்னை அழைத்துவந்தான். அவன் செய்தது ஒரே வேலை. பழைய அம்பாசிடர், கான்டெசா போன்ற கார்களின் முன்சக்கரங்களைத் தாங்கும் பாகங்களையும் ஸ்டியரிங்கையும் கழற்றி, இன்றைய சாலைக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி மாற்றிக்கொடுப்பான். எஞ்சின் என்று யாராவது வாயெடுத்தால் தெருமுனைப் பட்டறையைக் கைகாட்டிவிடுவான். அவனிடமும் ஒரு கான்டெசா இருந்தது: நீண்ட மூக்கு, அகன்ற டயர்கள், முறைத்துப் பார்க்கும் முகம். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டினான். கடைசியில் கேட்பவர்களும் நின்றுபோனார்கள்.

ஒரு மாதிரி

வந்தவர்களின் குறையைக் கேட்டு, அதைச் சேகரிடம் சொல்வது என் பணி. பத்தில் எட்டுப் பேர் ‘ஒரு மாதிரி இருக்குது’ என்பார்கள். எந்த மாதிரி என்று நான் கேட்பேன். அதற்கு அவர்கள் கையை அலைபோல ஆட்டிக் காட்டுவார்கள். வகுப்பில் விடை தெரியாத பிள்ளைகள் செய்யும் அதே கையாட்டம்தான். அதைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போகும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

வில்லியனூரிலிருந்து அரிசிக்கடைக்காரர் ஒருவர் அம்பாசிடரைக் கொண்டுவந்தார். ஆட்டம் பிரேக் பிடிக்கும்போது வருகிறதா, பிடிக்காதபோதா? மெதுவாகப் போகும்போதா, வேகத்திலா? இடப்பக்கம் திருப்பும்போதா, வலப்பக்கமா? அதிர்வு கையில் தெரிகிறதா, இருக்கையிலா? நான் நிதானமாகக் கேட்டுக்கொண்டே போக, அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். பின்னால் நின்ற கன்னியப்பன் சிரிப்பை அடக்க ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தவன். காலையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து மாலைவரை சேகரோடு வேலை பார்ப்பவன். அவன் குனிந்த இடத்தில் ஸ்பேனர் எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும். அரிசிக்கடைக்காரர் கடைசியில் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“டீச்சர், நான் வண்டியக் காட்ட வந்தனா, பரீட்ச எழுத வந்தனா?”

கையை எடுக்கும் சோதனை

வேலை முடிந்த வண்டியைச் சேகர் அப்படியே ஒப்படைக்கமாட்டான். உரிமையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நெரிசல் இல்லாத நேரான சாலைக்கு ஓட்டிச் செல்வான். அங்கே ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிடுவான். வளையத்துக்குச் சற்று மேலே கைகள் சும்மா நிற்கும். வண்டி எந்தப் பக்கமும் ஒதுங்காமல் தன் போக்கில் நேராகப் போகவேண்டும். ஒதுங்கினால் பட்டறைக்குத் திரும்பி எல்லாவற்றையும் மீண்டும் கழற்றுவான். நேராகப் போனால்தான் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது. அதுவும் முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும். பின்சக்கரங்களை நாங்கள் தொடவில்லையே.

நான் ஒருமுறைகூட அந்தச் சோதனைக்குப் போனதில்லை. கையை எடுத்துவிட்டு ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார என்னால் ஆகாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். அப்படியென்றால் என் வேலையை நீ நம்பவில்லை என்பான். நம்புகிறேன், இந்த நாற்காலியிலிருந்தே நம்புகிறேன் என்பேன். வாரத்துக்கு ஒருமுறையாவது இந்த உரையாடல் எங்களுக்குள் நடக்கும்.

கருவடிக்குப்பத்தில் இருக்கும் முசே அருள்தாஸ் மட்டும் ஆசையாக உடன் போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்; அந்த மொழியில் ‘ஐயா’ என்பதற்குரிய முசேதான் ஊரில் அவருக்குப் பெயராகிவிட்டது. சேகருடையதைப் போலவே அவரிடமும் ஒரு கான்டெசா உண்டு. உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுத்துக் கொடுத்து அந்த நாட்டிலிருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர். சேகர் கையை எடுத்ததும் முசே நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாராம். கண்ணைத் திறந்து பார்த்தபோது வண்டி கோடு கிழித்ததுபோலப் போய்க்கொண்டிருந்ததாம். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சேகரிடம் சொன்னார்:

“நான் உசுரோட இருந்தாத்தான் தம்பி எனக்கு பென்ஷன். அடுத்த தடவ கைய எடுக்கும்போது அதையும் கொஞ்சம் நெனச்சிக்க.”

முசேயின் தோள்

அடுத்த ஆண்டு முசே வேறொரு வேண்டுகோளோடு வந்தார். அவருக்குத் தோள்வலி. கான்டெசாவின் மூக்கு கனமானது. நிறுத்துமிடத்தில் திருப்புவதற்குள் தோள் கழன்றுவிடுகிறது என்றார். இப்போது வரும் சின்னக் கார்களில் ஸ்டியரிங் தண்டோடு ஒரு மோட்டார் இருக்கிறது. கை கொஞ்சம் திருப்பினால் மீதியை அது திருப்பிவிடுகிறது. அடிபட்ட கார் ஒன்றிலிருந்து அதைக் கழற்றித் தம் வண்டியில் பொருத்தித் தரவேண்டும் என்பது அவர் விருப்பம்.

சேகர் அதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முன்சக்கரத்தின் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கைதான் சொல்லவேண்டும். நடுவில் மோட்டாரை வைத்தால் கைக்கு ஒன்றும் தெரியாது. வேண்டுமானால் தேய்ந்த மூட்டுகளை, பால் ஜாயிண்டையும் புஷ்களையும், புதிதாகப் போட்டு எவ்வளவு லேசாக்க முடியுமோ அவ்வளவு ஆக்கித் தருகிறேன் என்றான். நான் முசேயின் பக்கம் பேசிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை. தன் கான்டெசாவின் கதவைத் திறந்து, நின்ற நிலையிலேயே ஸ்டியரிங்கை ஒரே கையால் இப்புறமும் அப்புறமும் முழுவதும் திருப்பிக் காட்டினான். அகன்ற டயர்கள் சிமெண்டுத் தரையில் முனகின. முசே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து, பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

“மெர்சி. உனக்கு என் தோள் வரட்டும் தம்பி, அப்பப் பேசலாம்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சொல்லை நினைத்து அவர் பிற்பாடு எவ்வளவு வருந்தினார் என்பது எனக்குத் தெரியுமாதலால், அதையும் எழுதிவைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மொபைல் பிடித்த கை

அதன் பின் வந்த கோடையில் எல்லா வண்டியும் கனமாக இருந்தது. எந்த வண்டியை ஓட்டிப் பார்த்தாலும் சேகர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்குவான். ஸ்டியரிங் இறுகிக் கிடக்கிறது. வலப்பக்கம் திருப்பினால் வரவே மாட்டேன் என்கிறது. கன்னியப்பன் எல்லாவற்றையும் கழற்றுவான், கிரீஸ் வைப்பான், பூட்டுவான். சேகர் மறுபடி ஓட்டுவான். மறுபடியும் அதே கனம். இப்போது வரும் உதிரிப் பாகங்களில் தரமில்லை என்றான். பிறகு கிரீஸ் சரியில்லை என்றான். பிறகு, முன்பு எங்கே வாங்கினோமோ அங்கேயே வாங்கு என்று கன்னியப்பனைக் கடிந்துகொண்டான். அங்கேதான் வாங்கியிருந்தான் அவன்.

முத்தியால்பேட்டையில் கேக் கடை வைத்திருக்கும் விமலா தம் தந்தையின் அம்பாசிடரைக் கொண்டுவந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் உறை ஒன்று கிழிந்திருந்தது. அதை மட்டும் மாற்றினால் போதும். சேகர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் முழுவதையும் இறக்கவேண்டும், இந்தக் கனத்தோடு ஓட்டுவது ஆபத்து என்றான். விமலா அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏமாற்றுகிற பட்டறை என்று நினைத்திருப்பார். எங்கள் பட்டறையை அப்படி ஒருவர் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

“எனக்கு ஒண்ணும் கனமாத் தெரியலயே அண்ணா. ஒரு கையில மொபைல வச்சிக்கிட்டுத்தான் இவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்தேன்.”

தரையில் இல்லாத சக்கரம்

ஒரு வகுப்பின் எல்லா விடைத்தாள்களிலும் ஒரே பிழை இருந்தால், பிள்ளைகளைக் கடிவதற்குமுன் வினாத்தாளை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். அந்தக் கோடையில் வந்தவை வெவ்வேறு வண்டிகள். ஓட்டிவந்தவர்கள் வெவ்வேறு மனிதர்கள். குறை ஒன்றே: வலப்பக்கம் திருப்பினால் கனம். அவற்றுக்குப் பொதுவாக இருந்தவன் என் தம்பி ஒருவன்தான். இதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, சொன்னது தவறாக இருக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். திருத்தும் தொழிலில் இருந்த எனக்கு அப்படி ஒரு வேண்டுதல் புதிது.

அவன் அதற்குள் தன் கான்டெசாவையே பிரித்துவிட்டான். முன்சக்கரங்களைத் தாங்கும் மேல் கை, கீழ்க் கை, அவற்றின் புஷ்கள், பால் ஜாயிண்ட், ஸ்பிரிங் எல்லாம் புதியவை. ஒரு நண்பகல் அவன் சாப்பிடப் போயிருந்தபோது கன்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காலையில் கான்டெசாவின் முன்பகுதியை ஜாக்கியில் உயர்த்தி வைத்திருந்ததாகவும், சேகர் உள்ளே ஏறி இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிவிட்டு, இன்னும் கனம் போகவில்லை என்று சொன்னதாகவும் கூறினான். அவன் இறங்கிய பிறகு கன்னியப்பன் ஏறிப் பார்த்திருக்கிறான். ஒரு விரலுக்குச் சுழன்றிருக்கிறது. இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்காமல் வாசலில் நின்ற கான்டெசாவையே பார்த்தான்.

“வண்டி ஜாக்கி மேல நிக்கிது டீச்சர். சக்கரம் தரையிலயே இல்ல. அப்பவும் அண்ணன் கனமா இருக்குதுன்றாரு.”

இரண்டு விரல்

அந்த வாரமே சேகரை வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். மருத்துவர் இளம்பெண். தம் இரண்டு விரல்களை நீட்டி, எவ்வளவு அழுத்த முடியுமோ அவ்வளவு அழுத்துங்கள் என்றார். பெண்பிள்ளையின் விரல் வலிக்குமே என்று அவன் மெல்லப் பிடித்திருக்கிறான் என்றுதான் நான் எண்ணினேன். அவன் நெற்றியில் நரம்பு புடைத்திருந்ததை அதன் பிறகுதான் பார்த்தேன். மருத்துவர் அவன் வலக்கையைத் திருப்பி, கட்டைவிரலின் அடியில் சதை வற்றிக் குழிந்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பல சோதனைகளுக்குப் பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும் நோய், கையில் தொடங்கியிருக்கிறது, மற்ற இடங்களுக்கும் போகும், சற்றுத் தாமதப்படுத்த மாத்திரை உண்டு, நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் ஒருவர் தம் வண்டியில் வரும் சத்தத்தை விவரிக்கும்போது கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சேகர் எல்லாவற்றையும் கேட்டான். எவ்வளவு காலம் இருப்பேன் என்று கேட்கவில்லை. எவ்வளவு காலம் வண்டி ஓட்டலாம் என்று மட்டும் கேட்டான். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இன்னையிலேருந்தே ஓட்டக்கூடாதுன்னுதான் நான் சொல்லணும். சொல்லிட்டேன். நீங்க கேக்கப் போறதில்லன்னும் தெரியுது.”

பாக்கெட்டில் கை

மருத்துவமனையிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்து, கான்டெசாவின் முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு கன்னியப்பனைக் கூப்பிட்டு, மோட்டார் ஸ்டியரிங் ஒன்று எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கச் சொன்னான். யார் வண்டிக்கு என்று கன்னியப்பன் கேட்டான். சேகர் தன் வண்டியைத் தலையால் காட்டினான். அன்று மாலை வீட்டில் என்னிடம் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். கை முழுவதும் போவதற்குள் இந்த வண்டியை ஒருமுறை தான் ஓட்டவேண்டும். கையை எடுக்கும் சோதனைக்கு நான் பக்கத்தில் உட்காரவேண்டும். சரி என்றேன். அதன் பின் நடந்ததெல்லாம் அந்த ஒருமுறைக்காகத்தான்.

விழுப்புரத்தில் பழைய கார்களை உடைக்கும் கடையிலிருந்து மோட்டாரோடு கூடிய தண்டு வந்தது. ஆனால் அது கான்டெசாவுக்குக் குட்டை. லேத்தில் கொடுத்து நீட்டினால், எஞ்சினில் உரசிற்று. மறுபடி கழற்றி, வேறு கோணத்தில் திருப்பி, மறுபடி லேத்துக்கு அனுப்பினார்கள். தான் பெருமையாகப் போட்டிருந்த அகன்ற டயர்களைக் கழற்றிவிட்டு, திருப்புவதற்கு எளிதாக ஒடுங்கிய டயர்களை மாட்டச் சொன்னான். டாஷ்போர்டின் அடியில் ஒரு திருகு. மோட்டார் எவ்வளவு உதவவேண்டும் என்று அதைத் திருப்பிக் கூட்டலாம், குறைக்கலாம். முதலில் அதைக் குறைவாகத்தான் வைத்தார்கள். சேகர் உட்கார்ந்து திருப்பிப் பார்ப்பான். இன்னும் கொஞ்சம் கூட்டு என்பான். அடுத்த வாரம் பார்க்கும்போது அந்த அளவும் அவனுக்குக் கனமாகியிருக்கும். மறுபடி கூட்டுவான் கன்னியப்பன். வண்டியில் வேலை ஒரு படி முன்னேறினால் அவன் கை ஒரு படி இறங்கியிருந்தது. ஸ்பேனரைத் தூக்க முடியவில்லை. பிறகு சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பிறகு டீக் குவளையைக் குனிந்து வாயால் தேடிக் குடித்தான். கன்னியப்பன் மட்டும் தன் வயலைக் கூடப்பிறந்த அண்ணனிடம் விட்டுவிட்டு விடிந்ததும் பட்டறைக்கு வரத் தொடங்கினான்.

நோயைப் பற்றி வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது என்பது சேகரின் உத்தரவு. தண்டைச் சரிபார்க்க வந்த லேத்துக்காரர் பழைய நண்பர். எதையும் தானே தொட்டுப் பார்க்காமல் விடாத சேகரை அறிந்தவர். அன்று அவன் தள்ளி நின்று, அதைத் திருப்பு, இதைப் பிடி என்று சொல்லிக்கொண்டே இருந்ததை வியப்போடு பார்த்தார்.

“என்னா மொதலாளி, கைய பாக்கெட்ல வச்சிக்கிட்டு நிக்கிறீங்க? பெரிய ஆளாயிட்டீங்க போல.”

நோணாங்குப்பம் வரை

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் புறப்பட்டோம். திருகு அதன் கடைசி அளவில் இருந்தது. அதற்குமேல் கூட்ட இடமில்லை. சேகர் இடக்கையால் வலக்கையைத் தூக்கி ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பின்னிருக்கையிலிருந்து கன்னியப்பன் எட்டி கியரைத் தள்ளினான். இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளாமல் அது நடந்தது. செய்யத்தகாத காரியம் என்று தெரிந்தேதான் மூவரும் செய்தோம். அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றின்மேல் பனி கிடந்தது; சாலையில் பால்வண்டி ஒன்றைத் தவிர வேறெதுவும் எதிர்ப்படவில்லை. அவன் முகத்தில் அந்த ஆண்டில் நான் பார்த்திராத ஒரு தெளிவு இருந்தது.

நேரான சாலை வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையசைத்தேன். கையை எடுத்தான். வளையத்துக்கு மேலே நிற்கவேண்டிய கைகள் அங்கே நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தன. வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவன் கைகளைத் தூக்க முயன்றது தோள்களில் தெரிந்தது. கைகள் மடியிலேயே கிடந்தன. பின்னால் கன்னியப்பன் எழுந்துவிட்டான். சேகர் மட்டும் பதறவில்லை. காலை மெல்ல எடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே, சாலையிலிருந்து கண்ணை அகற்றாமல் என்னிடம் ஒன்று சொன்னான். அவன் சொன்னபடியே முதலில் வலக்கையை எடுத்து ஸ்டியரிங்மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன், பிறகு இடக்கையை. இரும்பையே தூக்கிப் பழகிய கை, சதை வற்றி ஒரு பிடிக்குள் அடங்கிற்று; இருந்தும் எனக்குத் தூக்க முடியாத கனமாக இருந்தது. அத்தனை நேரமும் வண்டி ஒரு முழம்கூட ஒதுங்கவில்லை. அவன் சொன்னது இதுதான்:

“கைய எடுத்து மேல வையி அக்கா. அவசரப்படாத. அது நேராத்தான் போவும்.”

முசே ஓட்டிப் பார்த்தது

நோணாங்குப்பத்துப் படகுக் குழாம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அவனே கன்னியப்பனிடம் இடத்தை விட்டுக்கொடுத்தான். பட்டறைக்குத் திரும்பியதும் முன்சக்கரங்களுக்கு இரண்டு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அதன் பிறகு அவன் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவில்லை. மறு ஆண்டு மழைக்காலத்தில் போய்விட்டான். பேச்சுக் குழறத் தொடங்குமுன் என்னிடம் சொல்லிவைத்தது ஒன்றுண்டு: கான்டெசாவை முசேயிடம் கொடுத்துவிடு, அவர் தோளுக்கு அது சரியாக இருக்கும்.

முசே முதலில் மறுத்தார். அவர் வீட்டுக்கு நானே போய்ச் சொன்ன பிறகு ஒரு காலையில் வந்தார். திருகைக் குறைத்துவைக்கவேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று கன்னியப்பன் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். கான்டெசா என்றால் எப்படி இழுக்கவேண்டும் என்று அவர் தோளுக்குத் தெரியும். வாசலில் திருப்புவதற்காக அதே பலத்தோடு இழுத்தார். வண்டி சட்டென்று முழுவதும் மடங்கி மதிலை நோக்கிப் பாய்ந்து, ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

கன்னியப்பன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். முசே இறங்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுட்டுவிரலை மட்டும் அதன்மேல் வைத்து இடப்பக்கம் தள்ளினார், கடைசிவரை போயிற்று. வலப்பக்கம் தள்ளினார், அதுவும் போயிற்று. அந்த விரலையும் எடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் அருகில் போனேன்.

“இவ்ளோதான் இருந்துச்சா டீச்சர், தம்பி கையில?”

இப்போது பட்டறையைக் கன்னியப்பன் நடத்துகிறான். நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று யார் வந்து சொன்னாலும் முதலில் என் இரண்டு விரல்களை நீட்டி அழுத்திப் பிடிக்கச் சொல்கிறேன், வந்தவர்களும் இது பட்டறையா வைத்தியசாலையா என்று வாசல் பலகையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிடிக்கிறார்கள்.